சாம்புலி எங்கே கெமித்தது?

கீழே உள்ள பத்தியை வாசித்துவிட்டுக் கேள்விகளுக்கு விடை சொல்லுங்கள்.

“ஒரு சாம்புலி நேற்று மாலை வெங்குடத்தில் கெமித்துக்கொண்டிருந்தது. அப்போது இரண்டு நெறுவிகள் வந்து அதைப் பிரங்கின. சாம்புலி உடனே மொசுவுக்குள் புகுந்துவிட்டது.”

சாம்புலி எங்கே கெமித்தது? வெங்குடத்தில். எத்தனை நெறுவிகள் வந்தன? இரண்டு. பிரங்கியதும் சாம்புலி எதற்குள் புகுந்தது? மொசுவுக்குள். மூன்றுக்கு மூன்று. சாம்புலி என்றால் என்ன என்று உங்களுக்கும் தெரியாது, உட்கார்ந்து இட்டுக்கட்டிய எனக்கும் தெரியாது. ஆனாலும் முழு மதிப்பெண், சிவப்பு மையில் ஒரு ‘குட்’.

இங்கிலீஷ் காம்ப்ரிஹென்ஷனில், அதாவது பத்தியை வாசித்துக் கேள்விக்கு விடை எழுதும் பயிற்சியில், நம் பிள்ளைகள் பெரும்பாலும் செய்துகொண்டிருப்பது இதைத்தான். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடு, கிடைத்ததும் அந்த வரியை அப்படியே இறக்கி எழுது. இரண்டாம் வகுப்பு வரை இந்த வித்தை நன்றாக ஓடும். மூன்றாம் வகுப்பில் கொஞ்சம் ஆட்டம் காணும். நான்காம் வகுப்பில் “சாம்புலி ஏன் மொசுவுக்குள் புகுந்தது?” என்றோ “நெறுவிகள் நல்லவையா, கெட்டவையா?” என்றோ ஒரு கேள்வி வரும். அன்றைக்கு வித்தை படுத்துவிடும். அப்போதுதான் அம்மாக்கள் என்னிடம் வருவார்கள். “நல்லாத்தானுங்க மிஸ் வாசிக்கறா, கொஸ்டின் ஆன்சர் மட்டும் வரமாட்டேங்குது.”

ஈரோட்டில் என் வீட்டு மாடியில் மாலை நேரத்தில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். மெட்ரிக் பள்ளி, சிபிஎஸ்இ, அரசுப் பள்ளியின் இங்கிலீஷ் மீடியம் என்று எல்லா வகையும் வரும். வீட்டில் பேசுவது தமிழ். சில வீடுகளில் தெலுங்கு, கன்னடம், உருது. இங்கிலீஷ் யார் வீட்டுக்குள்ளும் வருவதில்லை, பள்ளிப் பையில் வந்து பையிலேயே திரும்பிப் போய்விடுகிறது. இதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ளாமல், இங்கிலீஷையே வீட்டு மொழியாகக் கொண்ட பிள்ளைகளுக்காக எழுதிய ஒர்க்‌ஷீட்டை இணையத்தில் இறக்கிப் பிரிண்ட் எடுத்து, தினம் ஒன்றாகக் கொடுத்தால் பிள்ளை முன்னேறிவிடும் என்று நினைக்கிறோம். தினமும் எடை பார்ப்பதால் யாரும் இளைத்துவிடுவதில்லை. காம்ப்ரிஹென்ஷன் ஷீட்டும் எடை பார்க்கும் கருவிதான். பிள்ளைக்குப் புரிகிறதா என்று அளக்கும், புரிய வைக்காது.

அப்படியென்றால் முதலில் எங்கே சிக்கல் என்று தெரிய வேண்டும். பிலிப் கஃப், வில்லியம் டன்மர் என்ற இரு ஆய்வாளர்கள் 1986-இல் ஒரு எளிய கணக்குப் போட்டார்கள். எழுத்தைச் சொல்லாக மாற்றும் திறனையும், அந்த மொழியைக் காதால் கேட்டுப் புரிந்துகொள்ளும் திறனையும் பெருக்கினால் வருவதுதான் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன். கூட்டல் இல்லை, பெருக்கல். ஒன்று பூஜ்யம் என்றால் மற்றது எவ்வளவு இருந்தாலும் விடை பூஜ்யம்தான். எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இது. ஏனென்றால் இதை வைத்துக் கால் மணி நேரத்தில் ஒரு பிள்ளையைப் பார்த்துவிடலாம்.

நான் செய்வது இதுதான். ஒரு சின்னப் பத்தியைப் பிள்ளையையே வாசிக்கச் சொல்லி, என்ன நடந்தது என்று தமிழில் கேட்பேன். சொல்லவில்லை என்றால் அடுத்த பத்தியை நானே நிதானமாக இங்கிலீஷில் வாசித்துக் காட்டுவேன். இப்போது கதை புரிந்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு மொழி இருக்கிறது, எழுத்துதான் தடுக்கிறது. ஃபோனிக்ஸும் (எழுத்துக்கு உரிய ஒலிகளைக் கூட்டி வாசிக்கும் முறை) உரக்க வாசிக்கும் பழக்கமும் வேண்டும். நான் வாசித்தும் புரியவில்லை என்றால் மூன்றாவதாக ஒரு பத்தியைத் தமிழில் கதையாகச் சொல்வேன். தமிழில் சொன்னதும் முகம் மலர்ந்து எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தால், குறைவது இங்கிலீஷ் சொற்கள்தான், மூளை சரியாகவே ஓடுகிறது. தமிழில் சொல்லியும் “ஏன்” என்ற கேள்விக்கு விழித்தால் அது வேறு வேலை, அதற்கு இங்கிலீஷ் புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேச வேண்டும்.

எழுத்துத் தடைக்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. தமிழில் எழுத்துக்களைக் கற்றுவிட்டால் எந்தச் சொல்லையும் ஓரளவு வாசித்துவிடலாம். இங்கிலீஷ் அப்படி விடாது. ஐரோப்பாவில் 13 மொழிகளை ஒப்பிட்டு 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, அடிப்படை வாசிப்பைப் பிடிக்க இங்கிலீஷ் பிள்ளைகளுக்குப் பெரும்பாலான மற்ற மொழிப் பிள்ளைகளைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் காலம் ஆகிறது என்று சொன்னது. அவர்கள் அந்த மொழியில் பிறந்து வளர்ந்தவர்கள்! ஈரோட்டுப் பிள்ளை மூன்றாம் வகுப்பில் தடுமாறினால் அதை ஒரு நோயாகப் பார்க்க வேண்டியதில்லை.

ஆனால் என்னிடம் வருபவர்களில் கணிசமான பேர் எழுத்தை வெகு அழகாக வாசிப்பவர்கள். ஏற்ற இறக்கத்தோடு, மூச்சு விடாமல். முடித்ததும் “என்ன கண்ணு நடந்துச்சு?” என்று கேட்டால் மறுபடியும் முதல் வரியிலிருந்து வாசிக்க ஆரம்பிப்பார்கள். நாடு முழுக்கக் கிராமங்களில் பிள்ளைகளின் வாசிப்பைச் சோதிக்கும் ‘ஏசர்’ கணக்கெடுப்பு 2005-இலிருந்து நடக்கிறது. அதில் இங்கிலீஷைச் சோதித்த ஆண்டுகளில், பிள்ளை வாக்கியத்தை வாசித்துவிட்டால் அதோடு விடாமல் பொருளையும் கேட்டார்கள், தன் மொழியிலேயே சொல்லலாம் என்று. வாசிப்பதும் விளங்குவதும் வேறு வேறு என்பதை அவர்கள் தெரிந்துவைத்திருந்தார்கள். நம் டயரியில் ‘ரீடிங் - குட்’ என்று எழுதும்போது எதைச் சொல்கிறோம் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

சரி, ஒரு பத்திக்கு வருவோம். ஒரு ஒர்க்‌ஷீட்டில் இப்படி ஒரு கதை. பையன் ஒருவன் தோட்டத்தில் பனியைக் குவித்து ஸ்னோமேன் செய்கிறான். மூக்குக்குக் காரட் வைக்கிறான். இரவு தூங்கிவிட்டுக் காலையில் ஜன்னல் திரையை விலக்கினால் வெயில் பளீரென்று அடிக்கிறது. வெளியே ஓடுகிறான். ஈரப் புல்லின் மேல் ஒரு காரட் கிடக்கிறது. அவன் அழுகிறான். கேள்வி: பையன் ஏன் அழுதான்?

பத்தியில் ‘ஏன்’ என்பதற்கான வரியே கிடையாது. சொல் தேடும் வித்தை இங்கே எடுபடாது. ஒரு பிள்ளை “வெயில் அடித்ததால் அழுதான்” என்று எழுதியிருந்தது. வெயிலைப் பார்த்து அழுவதற்கு அவன் என்ன ஈரோட்டுக்காரனா என்று எனக்குச் சிரிப்பு. இன்னொன்று, “ஸ்னோமேனை யாரோ திருடிவிட்டார்கள்.” மூன்றாவது, “மாடு தின்றுவிட்டது.” நான் இங்கிலீஷை நிறுத்திவிட்டுத் தமிழில் விட்டேன். உடனே சண்டை பிடித்துக்கொண்டது. “மாடு வந்திருந்தா மொதல்ல காரட்டத்தானே தின்னிருக்கும்?” என்றாள் ஒருத்தி. “திருடன் காரட்ட மட்டும் ஏன் உட்டுட்டுப் போறான்?” என்றான் இன்னொருவன். “புல்லு எப்படி ஈரமாச்சு, மழையா?” அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த ஒரு பையன், அவன் அப்பாவுக்குக் கரும்பு ஜூஸ் வண்டி, “ஐஸ் கட்டிய வெளிய வெச்சா தண்ணியாயிருமில்ல?” என்றான். அவ்வளவுதான், எல்லோருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

அந்தக் கால் மணி நேரத்தில் அவர்கள் செய்தது அசல் காம்ப்ரிஹென்ஷன். பத்தியில் இருக்கும் தடயங்களை எடுத்தார்கள், தங்களுக்குத் தெரிந்த உலகத்தோடு பொருத்தினார்கள், பொருந்தாததைத் தள்ளினார்கள். இத்தனையும் தமிழில். அதற்குப் பிறகு இங்கிலீஷில் ஒரு வரி எழுத வேண்டியதுதான் பாக்கி, உருகுவதற்கு ‘மெல்ட்’ என்ற சொல்லை நான் கொடுத்தேன். வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் இன்னமும் இருக்கின்றன. அங்கே இந்தச் சண்டை நடந்திருக்காது. மாடு தின்றதாகவே விடை நின்றிருக்கும், ஒரு தப்புக் குறியோடு.

கரும்பு ஜூஸ் வண்டிக்காரர் மகன் அந்தக் குழுவிலேயே இங்கிலீஷில் பலவீனமான பையன். ஆனால் ஐஸைப் பற்றி அவனுக்குத் தெரிந்த அளவு மற்றவர்களுக்குத் தெரியாது. இது தற்செயல் இல்லை. அமெரிக்காவில் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஏழு, எட்டாம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்குப் பேஸ்பால் ஆட்டம் ஒன்றின் வர்ணனையை வாசிக்கக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள் என்று பெயரெடுத்தும் பேஸ்பால் தெரியாதவர்களை, வாசிப்பில் பின்தங்கியும் பேஸ்பால் தெரிந்தவர்கள் முந்திவிட்டார்கள். நம் ஊரில் இதைச் சோதிக்க ஆய்வகம் தேவையில்லை. ஐபிஎல் மேட்ச் ஒன்றைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள், கடைசி பெஞ்சுப் பையன் உங்களுக்கே விளக்குவான்.

அதனால் நான் ஒரு விதி வைத்திருக்கிறேன். மொழி புதிது என்றால் விஷயம் பழையதாக இருக்க வேண்டும். விஷயம் புதிது என்றால் முதலில் பழகிய மொழியில் வர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் புதிதாக வந்து விழக்கூடாது. ஆரம்பத்தில் பத்திகளை நானே எழுதுவேன், பெரிய இலக்கியம் ஒன்றுமில்லை. மஞ்சள் மண்டிக்குப் போன தாத்தா, பஸ் ஸ்டாண்டில் தொலைந்த குடை, காலிங்கராயன் வாய்க்காலில் விழுந்த செருப்பு. 13-ஆம் நூற்றாண்டில் வெட்டிய வாய்க்கால் இன்னமும் வயலுக்குத் தண்ணீர் கொடுக்கிறது என்பதைத் தினம் அதைத் தாண்டிப் பள்ளிக்குப் போகும் பிள்ளை இங்கிலீஷில் வாசிக்கும்போது, தெரியாத சொல் வந்தாலும் ஊகித்துவிடும். ஊகிப்பது ஒரு பழக்கம். அது வந்த பிறகு ஸ்னோமேன், பென்குவின் எல்லாம் தாராளமாக வரட்டும். வருவதற்கு முன்னால் ஐந்து நிமிடம் அதைப் பற்றித் தமிழில் பேசிவிட வேண்டும், முடிந்தால் போனில் ஒரு வீடியோவும் காட்டிவிட வேண்டும்.

இனி மொழி. பெரிய பெரிய சொற்கள்தான் தடுக்கின்றன என்று பெற்றோர் நினைத்து டிக்‌ஷனரி வாங்கிக் கொடுக்கிறார்கள். என் அனுபவத்தில் கவிழ்ப்பவை பொடிச் சொற்கள். ‘ஹி’, ‘ஷி’, ‘இட்’, ‘தே’. தமிழில் வந்தான், வந்தாள், வந்தது என்று வினையே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். இங்கிலீஷில் வினை வாயைத் திறக்காது, அந்தச் சின்னச் சொல்தான் ஒரே அடையாளம். நம் பிள்ளை அதைத் தாண்டிக் குதித்து அடுத்த பெரிய சொல்லுக்குப் போய்விடும். பாட்டியும் பேத்தியும் நாயும் உள்ள ஒரு பத்தியில் ‘ஷி’ வரும் இடமெல்லாம் யார் என்று பென்சிலால் கோடு இழுத்துக் காட்டச் சொல்லுங்கள். கோடுகள் எங்கெங்கே போகின்றன என்று பார்த்தால் தூக்கிவாரிப் போடும்.

அடுத்து ‘பட்’, ‘ஆல்தோ’, ‘அன்லெஸ்’, ‘அன்டில்’. இதில் ‘அன்லெஸ்’ மகா வில்லன். நாம் ‘மழை பெய்தாலும்’, ‘மழை பெய்யாவிட்டால்’ என்று வினையின் வாலில் ஒட்டுவதை இங்கிலீஷ் வாக்கியத்தின் தலையிலேயே வைத்துவிடுகிறது. வாலில் தேடும் பிள்ளைக்குத் தலையில் இருப்பது தெரிவதில்லை. பிறகு கேள்விச் சொற்கள். ‘ஹூ’வும் ‘ஹவ்’வும் அதே மூன்று எழுத்துக்கள், இடம் மட்டும் மாறியிருக்கும். “ஊருக்கு எப்படிப் போனாள்” என்ற கேள்விக்கு “அவள் அம்மா” என்று விடை எழுதியிருந்தால் பிள்ளைக்குக் கதை புரியவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். கேள்வியை மாற்றி வாசித்திருக்கும்.

நான் விரும்பி நடத்தும் விளையாட்டு ஒன்று உண்டு. அதற்குக் காரணம் எலன் மார்க்மன் என்ற உளவியலாளர் 1979-இல் செய்த சோதனை. கடலின் அடியாழத்தில் வாழும் மீன்களைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு சிறு கட்டுரை. அங்கே துளியும் வெளிச்சம் இல்லை என்று இருக்கும். கொஞ்சம் தள்ளி, அந்த மீன்கள் தங்கள் உணவை அதன் நிறத்தை வைத்து அடையாளம் காண்கின்றன என்றும் இருக்கும். வெளிச்சமே இல்லாமல் நிறம் எப்படித் தெரியும்? நிறையப் பிள்ளைகள் அதைக் கேட்கவே இல்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்றார்கள். புரியவில்லை என்பதே பிள்ளைக்குத் தெரியாது என்பதுதான் இதில் விஷயம். எனக்கு விளங்கவில்லை என்று தோன்றினால்தானே திரும்பப் படிக்கத் தோன்றும்.

அதனால் வாரத்தில் ஒருநாள் பத்தியில் வேண்டுமென்றே ஒரு கோளாறை வைப்பேன். காலையில் குளித்துவிட்டு வந்த பையன், அடுத்த வரியில் அழுக்குக் காலோடு நிற்பான். செத்துப்போன கோழி கடைசியில் முட்டையிடும். கண்டுபிடிப்பவர் அடுத்த வாரப் பத்திக்குக் கோளாறு வைக்கலாம். இதற்காக அவர்கள் வரிவரியாகத் துருவுவதைப் பார்க்க வேண்டுமே! சாதாரணக் கேள்வித்தாளுக்கு அந்த உழைப்பில் பாதிகூட வராது. இதன் பின்விளைவு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிப் பாடப் புத்தகத்திலும் பிழை பிடிக்க ஆரம்பித்துவிடுவார்கள், டீச்சரிடம் போய்ச் சொல்வார்கள், சில டீச்சர்களுக்கு அது பிடிக்காது.

கேள்வியைப் பிள்ளைகளையே போடச் சொல்வதும் இதே வகைதான். அன்மரி பாலின்சர், ஆன் பிரவுன் இருவரும் 1984-இல் எழுதிய ஒரு முறை இதற்கு முன்னோடி. வாசிப்பவர்கள் மாறி மாறி டீச்சர் ஆகி, சுருக்கிச் சொல்லி, கேள்வி கேட்டு, விளங்காததை விளக்கி, அடுத்து என்ன வரும் என்று ஊகிக்க வேண்டும். நான்கையும் நான் செய்வதில்லை, நேரம் பத்தாது. கேள்வி கேட்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை: விடை பத்தியில் அப்படியே இருக்கக்கூடாது. முதலில் திணறுவார்கள். அப்புறம் “அந்தப் பாட்டி ஏன் கடைசி வரைக்கும் நாய்க்குப் பேரே வைக்கல?” என்று ஒரு கேள்வி வரும். அதற்கு என்னிடமே விடை இருக்காது.

விடை எழுதுவதில் ஒன்றுதான் எனக்கு முக்கியம். முதலில் வாயால் தமிழில் சொல்ல வேண்டும், பிறகு வாயால் இங்கிலீஷில், பிறகுதான் பேனா. முழு வாக்கியமாக எழுது, ‘பிகாஸ்’ என்று ஆரம்பிக்காதே, கேள்வியைப் பாதி திருப்பி எழுது என்பதையெல்லாம் பள்ளியிலேயே போதும் போதும் என்று சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், நான் கை வைப்பதில்லை. பரீட்சைக்கு முன்னால் கேள்விகளை முதலில் வாசித்துவிட்டுப் பத்திக்கு வா என்று சொல்லித்தரும் தந்திரம் எனக்குப் பிடிக்காது. பெரிய வகுப்பில் நேரம் மிச்சமாகும், சரி. ஒன்பது வயதில் அது மறுபடியும் சொல் தேடும் வித்தைக்கே கொண்டுபோய்விடும். நோட்ஸில் இருக்கும் பதிலை மனப்பாடம் செய்து பாடப் பத்திகளில் பத்துக்குப் பத்து வாங்கி, முன்பின் பார்க்காத அன்ஸீன் பேசேஜில் இரண்டு வாங்கும் பிள்ளைகளை ஒவ்வொரு ஆண்டும் பார்க்கிறேன். இரண்டுதான் அசல் மதிப்பெண்.

வாசிக்கப் புத்தகத்துக்குச் செலவு செய்ய வேண்டும் என்பதும் இல்லை. பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ தளத்தில் படக்கதைகள் இலவசம், நிலை வாரியாகப் பிரித்திருக்கிறார்கள். ஒரே கதை பெரும்பாலும் தமிழிலும் இங்கிலீஷிலும் கிடைக்கும். சென்னையின் தூலிகா பதிப்பகம் இரு மொழியும் ஒரே பக்கத்தில் இருக்கும் புத்தகங்களைப் போடுகிறது. தமிழில் முதலில், இங்கிலீஷில் பிறகு. நான் சொன்ன விதி அப்படியே நிறைவேறும். பிள்ளையின் வகுப்புக்கு ஒரு படி கீழே உள்ள நிலையில் ஆரம்பியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள். டிவியும் உதவும். பாட்டின் வரிகளைப் பாடும் மொழியிலேயே திரையில் ஓடவிட்டால் வாசிப்பு வளரும் என்று பிரிஜ் கோத்தாரி என்ற ஆய்வாளர் 1990-களிலிருந்து சொல்லிவருகிறார், தூர்தர்ஷனின் ‘சித்ரஹார்’ என்ற இந்தி சினிமாப் பாட்டு நிகழ்ச்சியில் அதைச் செய்தும் காட்டினார். எப்படியும் கார்ட்டூன் பார்க்கத்தான் போகிறார்கள், இங்கிலீஷ் கார்ட்டூனில் இங்கிலீஷ் சப்டைட்டிலைப் போட்டுவிடுங்கள்.

“எனக்கு இங்கிலீஷே தெரியாதுங்களே மிஸ், நான் வீட்ல என்ன பண்றது?” என்று கேட்பவர்கள்தான் அதிகம். பெரும்பாலும் விசைத்தறிக்கும் கார்மென்ட்ஸுக்கும் போய்விட்டு இரவு ஏழு மணிக்கு வீடு திரும்பும் அம்மாக்கள். அவர்களுக்கு நான் தரும் வேலை ஒன்றுதான். இன்றைக்கு வாசித்த இங்கிலீஷ் கதையைப் பிள்ளை தமிழில் சொல்ல வேண்டும், நீங்கள் தோசை ஊற்றிக்கொண்டே கேட்க வேண்டும். புரியாத இடத்தில் “அப்புறம் அவன் ஏன் அங்க போனான்?” என்று கேளுங்கள். பிள்ளை சொல்லத் தெரியாமல் முழித்தால் புத்தகத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும். உங்களுக்கு விடை தெரியாமல் இருப்பது இங்கே நல்லதுதான், தெரிந்தால் நீங்களே சொல்லிவிடுவீர்கள். ஒர்க்‌ஷீட் வேண்டுமென்றால் வாரத்துக்கு இரண்டு போதும், அதையும் வியாழக்கிழமைக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமை கோளாறு கண்டுபிடிக்கும் நாள், அன்றைக்கு யாரும் வேறு எதற்கும் உட்கார மாட்டார்கள்.